தோடு போட்ட மாடு

தங்கமணிக்குச் செவ்வந்தி மேல் பொறாமை. இதை மூடி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, ஊருக்கே தெரிந்த சங்கதிதான். செவ்வந்தி அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் தீனதயாளனின் பெண்டாட்டி. அவள் வைத்த குழம்பு மணத்தால் இவளுக்கு வயிறு எரியும். அவள் நட்ட முருங்கை காய்த்தால் எரியும். அவளுக்குக் காய்ச்சல் வந்து நாலு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனாலும் எரியும்.

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் கோமுகி வாய்க்கால் பாய்கிற ஊர். தங்கமணியின் புருஷன் ராமசாமியும் தம்பி தீனதயாளனும் ஒன்றாக இருந்தவரை கரும்பும் ஒன்று, உலையும் ஒன்று, கொட்டகையும் ஒன்று. கொட்டகையில் ஒரு சீமைப் பசு இருந்தது. கன்றுக்குட்டியாக வந்ததைச் செவ்வந்திதான் வளர்த்தாள். பால் சங்கத்தில் தீனதயாளன் பேர் இருந்ததால், சங்கத்துக்காரர்கள் அவன் பேரிலேயே பசுவுக்கு இன்ஷூரன்ஸ் போட்டு, காதில் நம்பர் அடித்த வில்லை ஒன்றைக் குத்திவிட்டுப் போனார்கள். மாடு செத்துப்போனால் சர்க்காரே இன்னொரு மாடு வாங்கித் தரும் என்று ஊரில் பேச்சு. தெருப் பிள்ளைகள் அதைத் தோடு போட்ட மாடு என்று கூப்பிட்டார்கள். தங்கமணியின் சொந்தத் தோடு அப்போது கள்ளக்குறிச்சியில் அடகில் கிடந்தது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

பாகம் பிரித்தபோது பெரியவன் கூறு போட, சின்னவன் எடுப்பதுதான் முறை. ராமசாமி கூறு போட்டான். தீனதயாளன் சீமைப் பசு இருந்த கூறைத் தொட்டான். தங்கமணி அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்துவிட்டாள். பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். கடைசியில் செவ்வந்திதான் சொன்னாள்.

"அக்காவே ஓட்டிக்கினு போவட்டும், வுடுங்க."

பசு கிடைத்துவிட்டது. ஆனால் அவள் விட்டுக்கொடுத்ததாக அல்லவா ஆகிவிட்டது? அந்தப் பசுவின் பாலைக் குடிக்கும்போதெல்லாம் தங்கமணிக்குத் தொண்டையில் அது நின்றது. கொஞ்ச நாள் கழித்துச் செவ்வந்தி வந்து, "அக்கா, இன்ஷூரன்ஸ்ல மாமா பேருக்கு மாத்தணுமாம். எங்க வூட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடணுமாம். சொல்லு, அனுப்பி வைக்கிறேன்" என்றாள்.

அதற்கும் இவள் தயவா? "தோடு மாட்டு காதுலதான கீது, மாடு எங்கிட்டதான கீது. பேர்ல இன்னா இருக்குது?" என்று தங்கமணி வெடுக்கென்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

எண்பத்தேழில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் வந்தது. புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்துவிட்டார்கள். டவுன் பஸ் இல்லை, பால் வண்டி இல்லை. மறியலுக்குப் போன ஆண்களைப் போலீஸ் தேடியதால் அண்ணனும் தம்பியும் கல்வராயன் மலைப்பக்கம் போய் ஒளிந்துகொண்டார்கள். வீட்டில் பெண்கள்தான். அந்தக் களேபரத்தில் சீமைப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு மரவள்ளிக் கொல்லையில் புகுந்து, இளந்தழையை வயிறு முட்டத் தின்றுவிட்டது. மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும், அது விஷம். வாயில் நுரை தள்ளி விழுந்தது. டாக்டரைக் கூட்டிவர ரோடு இல்லை. விடிவதற்குள் மாடு போய்விட்டது.

அந்தப் பசுவின் பாலில்தான் தங்கமணி வீட்டில் அடுப்பு எரிந்தது. ராமசாமி எப்போது திரும்புவான் என்றும் தெரியாது. இன்ஷூரன்ஸ் வந்தால்தான் இன்னொரு மாடு. பணமோ, பேர் எழுதியிருப்பவனுக்குத்தான் வரும். டாக்டர் பார்த்துச் சான்று கொடுக்கும்வரை புதைக்கவும் கூடாது. இதெல்லாம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. செவ்வந்தியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டாக்டர் கேட்டா எங்க மாடுன்னே சொல்லிடுக்கா. பணம் வந்தா அப்படியே உன் கையில குடுத்துடறேன். எனக்கு ஒரு பைசா வாணாம்."

தங்கமணி தலையை ஆட்டினாள். வேறு வழி இல்லை.

மறுநாள் மத்தியானம் டாக்டர் வந்து சேர்ந்தார். சைக்கிளைப் பாதி தூரம் தோளில் தூக்கிக்கொண்டு, சாய்ந்த மரங்களைத் தாண்டி வந்திருந்தார். சட்டையெல்லாம் வேர்வை. ஊரே கூடிவிட்டது. மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு வில்லையைத் திருப்பிப் பார்த்தார்.

"தீனதயாளன் வூடு யாரும்மா?"

"நாந்தான் சார்" என்று செவ்வந்தி முன்னே வந்தாள். வந்தவள் மாட்டின் முகத்தைப் பார்த்ததும் உடைந்து போனாள். நடிப்பில்லை, அவள் வளர்த்த மாடு. டாக்டர் வேலையை நிறுத்திவிட்டு, "அழாதம்மா, உன் கஷ்டம் தெரியுது" என்றார். எதிர்வீட்டுச் சாலம்மாள் அவளை அணைத்துக்கொண்டாள். "புள்ள மாதிரி வளத்தா சார்" என்றாள். யாரோ ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து செவ்வந்தி கையில் கொடுத்தார்கள்.

தங்கமணி சுவரோரம் நின்றிருந்தாள். செத்தது அவள் மாடு. சாணி அள்ளியது அவள் கை. கவிழ்ந்தது அவள் பிழைப்பு. ஆறுதல் மட்டும் செவ்வந்திக்கா? ஒரு பயல் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று புத்தி சொன்னது. அடிவயிற்றிலிருந்து எழுந்து வந்தது வேறு.

"அது என் மாடு சார்."

டாக்டர் நிமிர்ந்தார். "பேரு தீனதயாளன்னு இருக்குதே."

"பாகத்துல எனக்கு வந்துடுச்சு. பேர மாத்தல. மாடு என்னுது, அவுளுது இல்ல."

டாக்டர் பையை மூடினார். "அப்ப யாருக்குமே பணம் வராதும்மா. நான் சான்று எழுத முடியாது" என்றார். சைக்கிளை எடுத்தவர் நின்று சொன்னார்: "இத்தினி வருஷத்துல நஷ்டப்பட்டு உண்மை சொன்ன ஆள இப்பதான் பாக்கறேன்."

அந்தப் பேச்சு டாக்டருக்கு முன்னாலேயே ஊரைச் சுற்றி வந்துவிட்டது. மலையிலிருந்து இறங்கி வந்த ராமசாமி தலையில் கை வைத்து உட்கார்ந்தான். ஆனால் வெளியில் போனால் ஆளாளுக்கு அவனை நிறுத்தி, உன் பெண்டாட்டி அரிச்சந்திரன் பரம்பரை என்றார்கள். அதன்பின் வரப்புத் தகராறு என்றாலும் சீட்டுத் தகராறு என்றாலும் தங்கமணி சொன்னால் சரி என்று ஆகிவிட்டது. அவள் மறுத்தும் பேசவில்லை, பெருமைப்பட்டும் பேசவில்லை.

ஏன் இப்படிச் செய்தாய் என்று செவ்வந்தி கேட்டிருந்தால், நறுக்கென்று ஒரு சண்டை போட்டிருந்தால், தங்கமணிக்கு மனசு ஆறியிருக்கும். அதற்கும் ஆயத்தமாகத்தான் டாக்டர் வந்துபோன அன்று ராத்திரி படுத்தாள். காலையில் செவ்வந்தி தன் நாட்டு மாட்டுப் பாலை ஒரு சொம்பில் கொண்டுவந்து வைத்தாள்.

"உன்னப் போய் பொய் சொல்லச் சொன்னேனே, என் புத்திய செருப்பால அடிக்கணும்க்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது. "இனிமே இந்தச் சொம்புல தெனம் பால் வரும், வாணாம்னு சொல்லாத."

அவள் போனபிறகு தங்கமணி காபி போட்டாள். நல்ல பால், தண்ணீர் கலக்காதது. முதல் வாயிலேயே தெரிந்தது, காபி நன்றாக இருந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.