பேப்பர் அண்ணையின் கடைசிச் செய்தி

எங்கள் ஊரில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பழைய காகிதம் எடுக்க வருவார்கள். காகிதத்தை அடுக்கி, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, காலை ஏழு மணிக்கு முன் வாசலில் வைக்க வேண்டும். பெட்டியில் போட்டு வைத்தால் எடுக்கமாட்டார்கள். சுவிஸ் வந்த இத்தனை வருடத்தில் அந்த முடிச்சு எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் போட வரும். ஆனால் ஒரு கட்டு மட்டும் கயிறு கட்டாமல் என் கதவுக்குப் பின்னால் கிடக்கிறது. ஐந்து சனிக்கிழமைகள் போய்விட்டன.

ஷாஃப்ஹவுசனுக்குப் பக்கத்திலுள்ள சின்ன ஊர் எங்களது. இங்கே முதியோர் இல்லச் சமையலறையில் நான் மரக்கறி வெட்ட, அவர் கோப்பை கழுவினார். எல்லாருக்கும் அவர் பேப்பர் அண்ணை; வீட்டில் தனி ஆள். கறி பட்ட அகராதி ஒன்றை வைத்துத் தானாகவே டொச், அதாவது ஜெர்மன், வாசிக்கப் பழகியவர். வியாழன்தோறும் எல்லா வீட்டுக்கும் இலவசமாக வரும் ஊர்ப் பேப்பரை வரி வரியாக வாசித்து, முக்கியமானதைக் கோடு போட்ட தாளில் தமிழில் எழுதி, தமிழ்க் கடையில் முருங்கைக்காய்ப் பெட்டிக்கு மேலே ஒட்டிவிடுவார். எந்தத் தெருவைப் பூட்டுகிறார்கள், பிள்ளைகளின் நீச்சல் வகுப்புக்கு எப்போது பதிய வேண்டும், ஊர்க் கூட்டத்தில் யார் யாரோடு சண்டை, எல்லாம் அதில் இருக்கும்.

கடைக்காரத் தம்பி சும்மா இருக்கமாட்டான். "அண்ணை, மாட்டு மணிச் சத்தத்திலை நித்திரை இல்லையெண்டு சுவிஸ்காரர் அடிபடுகினம். அது எங்களுக்கு என்னத்துக்கு?"

"நீ பிறந்த ஊரிலை நடக்கிறதை எல்லாம் யூரியூப்பிலை பாக்கிறாய். உன்ரை கடை வாசலைக் கிண்டப் போறாங்கள், அது தெரியுமோ உனக்கு?"

சொன்னபடியே அடுத்த கிழமை கிண்டினார்கள்.

விடியற்காலைப் பஸ்ஸை நிறுத்தப் போகிறார்கள் என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். துப்புரவு வேலைக்குப் போகிற பெண்கள் பதினொரு பேரிடம் கையெழுத்து வாங்கிக் கெமைண்டெ என்கிற ஊராட்சி அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்தார். அந்தப் பஸ் இன்றும் ஓடுகிறது. நான் அதில்தான் வேலைக்குப் போகிறேன். "செய்தியும் கஞ்சியும் ஒண்டு தங்கச்சி. ஆறினால் பழங்கஞ்சி" என்பார்.

அவர் சொல்லுவார்தானே என்ற நிம்மதியில் நாங்கள் ஒருவரும் பேப்பரைப் பிரிப்பதில்லை. தபால் பெட்டியிலிருந்து எடுத்து, நேரே காகிதக் கட்டில் வைத்துவிடுவோம். பிள்ளைகள் டொச்சில் வெளுத்து வாங்குகிறவர்கள், அவர்களும் பார்ப்பதில்லை.

ஓய்வு பெற்று மூன்றாம் வருடம் அவருக்கு இதயத்தில் ஒப்பரேஷன் நடந்தது. அது முடிந்து, தேறி வருவதற்காக மலைப்பக்கத்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். போகுமுன் ஒட்டிய தாளில் இரண்டே வரி: "மூண்டு கிழமை நான் இல்லை. அதுவரை நீங்களே வாசியுங்கோ." தம்பி சிரித்தான். "வாத்தியார் லீவெண்டால் வகுப்புக்கும் லீவுதானே!" நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு அவருடைய தொலைபேசி எடுபடவில்லை. மலையில் சிக்னல் இல்லை என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். ஒரு ரயில் ஏறியிருந்தால் போய்ப் பார்த்திருக்கலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை காகிதம் கட்டக் குந்தியபோது, போன கிழமைப் பேப்பர் நழுவித் திறந்தது. மரண அறிவித்தல்கள் வரும் பக்கம். அங்கே அவருடைய பெயர் இருந்தது. இறுதி நிகழ்வு செவ்வாய், பிற்பகல் இரண்டு மணி, எங்கள் ஊர்ச் சுடலை மண்டபம். அந்தச் செவ்வாய் போய் மூன்று நாள் ஆகிவிட்டது.

அந்தச் செவ்வாய் எங்கள் கட்டடத்தில் எனக்கு உடுப்புத் தோய்க்கும் முறை. இரண்டு மணிக்கு நான் சலவை அறையில் நின்றேன். சுடலை மணி அடித்தது காதில் விழுந்தது. யாரோ சுவிஸ்காரர் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு போர்வையை உதறினேன்.

எங்கள் ஆட்களில் செத்தவீட்டுக்கு அழைப்பு என்று ஒன்று கிடையாது. கேள்விப்பட்டால் போக வேண்டும், அவ்வளவுதான். கேள்விப்பட வைக்கிற ஒருவரே செத்துப்போனால் என்ன செய்வது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

திங்கட்கிழமை கெமைண்டெ அலுவலகத்துக்கு ஓடினேன். அலுவலர் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்க்க அவருக்கே கூச்சமாக இருந்தது. கனடாவிலிருக்கும் பேப்பர் அண்ணையின் தங்கையால் நோயினால் வர முடியவில்லையாம். பேப்பரில் போட்டால் போதும், தமிழர் எல்லாரும் வருவார்கள் என்றாராம். அதை நம்பி நாற்பது நாற்காலி போட்டார்களாம். வந்தவர்கள் இரண்டு பேர்: அந்த அலுவலரும், முதியோர் இல்லத்திலிருந்து நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு சுவிஸ் அம்மாவும். அந்த அம்மா பேப்பர் வாசிக்கிறவர்.

அலுவலரிடம் என் தொலைபேசி இலக்கத்தை வாங்கி, இரண்டு நாள் கழித்து அந்தத் தங்கை அழைத்தார். முதல் கேள்வியே அதுதான்.

"பிள்ளை, சனம் வந்ததோ?"

"ஓம் அக்கா. இருக்க இடமில்லை. கன பேர் நிண்டவை."

அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம். "எனக்குத் தெரியும் பிள்ளை. எங்கட சனம் ஒரு வரி விடாமல் பேப்பர் வாசிக்கும், நான்தான் பழக்கினனான் எண்டு அண்ணன் பெருமையாச் சொல்லுறவர்."

அடுத்த வியாழன் அகராதியோடு இருந்தேன். அரைப் பக்கத்துக்கு ஒரு பின்னேரம் முழுதாகப் போனது. ஆனால் தாளில் முதலில் எழுதியது பழைய செய்தியைத்தான்: அவர் பெயர், செவ்வாய், இரண்டு மணி, சுடலை மண்டபம். கடைக்காரத் தம்பி அதை இரண்டு தரம் வாசித்தான். பிறகு, "அக்கா, இது முடிஞ்சுபோச்சே" என்றான். "ஓம்" என்றேன். பழங்கஞ்சிதான். அவருடைய லீவுத் தாளுக்குக் கீழே அதை ஒட்டினேன். அந்தத் தாளைக் கழற்ற இருவருக்கும் கை போகவில்லை.

நாளை மறுபடியும் காகிதம் எடுக்கிற சனிக்கிழமை. கட்டின் மேல் அந்தப் பக்கம் திறந்தபடியே இருக்கிறது. கயிறு என் கையில் இருக்கிறது. முடிச்சுப் போட வரவில்லை.