சர்க்கரைத் தண்ணீர் தெளித்த மாம்பூ

மாம்பூ வாசனையைப் பற்றி உருகி உருகி எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கோ தை மாசக் கடைசியில் அந்தப் புளிப்பும் தேனும் கலந்த வாசனை மூக்கில் ஏறினால் அந்த இடத்தில் நிற்க முடியாது. கேட்பவர்களிடம் அலர்ஜி என்று சொல்லி இத்தனை வருஷமாகத் தப்பித்து வந்திருக்கிறேன்.

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகிற வழியில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, அரக்கோணத்தில் ரயில்வே வேலையிலிருந்த அக்கா வீட்டுக்காரர், எங்கள் வீட்டு வழக்கில் "பாவா", சென்னையில் ஏதோ பழைய சாமான் கடையில் அடிமாட்டு விலைக்கு வாங்கிய பிலிம் கேமராவையும் நீளமான ஜூம் லென்ஸையும் கொண்டுவந்து, தனக்குப் பொறுமை போதாது என்று என் கையில் கொடுத்துவிட்டார். லென்ஸுக்குள்ளே பூசணம் நூல் நூலாகப் படர்ந்திருந்தது. அண்ணாந்து பிடித்தால் ஜூம் வளையம் தானாக வழுக்கி இறங்கும், அதற்கு ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக்கொண்டேன். ஆனால் அந்த வளையத்தைக் கடைசி வரை தள்ளிவிட்டால், எள்ளளவு மாம்பூ ஒன்று இளஞ்சிவப்புக் கோடுகளோடு கண்முன்னே விரிந்து நிற்கும், சுற்றியுள்ளதெல்லாம் கரைந்துபோகும். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

காற்றுதான் பெரிய தொல்லை. இலைகூட அசையாத காலையிலும் பூங்கொத்து ஆடிக்கொண்டே இருக்கும். தோப்பில் களை எடுக்கவும் பாத்தி கட்டவும் வந்துகொண்டிருந்த கன்னியம்மாதான், வேலையை நிறுத்திவிட்டு எனக்காகக் கிளையைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி நிற்பாள். முதல் நாள் கிணற்றடி மரத்தை அண்ணாந்து பார்த்து, "எம்மாம் பூவு பாப்பா!" என்று வாய்விட்டுச் சொன்னாள். கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாவின் காதில் அது விழுந்தது.

அந்தக் கிணற்றடி மரம் மற்ற மரங்களைப் போல அல்ல. அதன் முதல் பழங்கள் மலைமேல் முருகனுக்குப் போன பிறகுதான் எங்கள் வீட்டில் யாரும் மாம்பழத்தில் கத்தி வைப்பார்கள்.

பத்திரிகைப் படங்களில் பூவின்மேல் பனித்துளி நிற்குமே, அதுபோல எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. படமெடுக்கும் அளவுக்கு வெளிச்சம் வருவதற்குள் பனி காய்ந்துவிடும், வெறும் தண்ணீரைத் தெளித்தால் வழிந்துவிடும். சர்க்கரையைக் கெட்டியாகக் கரைத்துத் தெளித்தால் துளி நிற்கிறது என்று நானே கண்டுபிடித்தேன். யாரும் சொல்லித் தந்ததல்ல, அந்த அதிகப்பிரசங்கித்தனம் முழுக்க என்னுடையது. அம்மா துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலில் நிரப்பி, கன்னியம்மா வருவதற்கு முன்னால், கிணற்றுச் சுவர்மேல் ஏறி நின்று, கைக்கெட்டிய கொத்துக்கெல்லாம் தெளித்தேன். பத்துப் பன்னிரண்டு காலை இப்படியே நடந்தது.

பிறகு எறும்பு வந்தது, ஈ வந்தது. இலையும் பூவும் கரி பூசியதுபோல் கறுத்தன, தொட்டால் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தன. நைனா, எங்கள் அப்பா, மருந்து அடித்துப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. தோப்பு முழுக்கப் பிஞ்சு பிடித்திருக்க, சாமி மரம் மட்டும் பட்டுப்போனதுபோல் நின்றது.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று அம்மா ஆரம்பித்தாள். அதிர்ந்து பேசாத நைனா அன்று வேலையாட்கள் எல்லோரும் இருக்கும்போதே கன்னியம்மாவைக் கூப்பிட்டு, "பூ வைக்கிற காலத்துல நீ இந்தப் பக்கமே வராத" என்றார். களைக்கொத்தைக் கையில் பிடித்தபடி அவள், நான் இன்னா பண்ணேன் என்று ஒரே ஒருமுறை கேட்டாள்.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், கழுத்தில் கேமரா தொங்க. பிலிமில் இன்னும் நான்கு படம் பாக்கி. உண்மையைச் சொன்னால் கேமராவைப் பிடுங்கிவிடுவார்கள். அந்த நான்கு படத்துக்காக வாயைத் திறக்கவில்லை. சின்னப் பிள்ளை, பயந்துவிட்டாய் என்று இதைப் படிக்கிறவர்கள் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். நான் பயப்படவில்லை, கணக்குப் போட்டேன்.

பேச்சு ஊரெல்லாம் பரவியது. நெல் கதிர் விட்ட வயலுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. அவள் தெருவில் வருவதைக் கண்டால் கைக்குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டார்கள். பிழைப்பில்லாமல் இரண்டு வருஷத்தில் ஊரைவிட்டே போனாள்.

இப்போது தோப்பு இருந்த இடத்தில் மனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். பாவாவும் இல்லை, நைனாவும் இல்லை. பழைய ஜூம் லென்ஸ்கள் மட்டும் மறுபடி மவுசுக்கு வந்து, கல்லூரியில் படிக்கும் என் மகளும் இணையத்தில் மலிவாக ஒன்றை வாங்கியிருக்கிறாள். போன மாதம் என் பழைய படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தவள், "இந்தத் துளி எப்படிம்மா இப்படி நிக்குது?" என்றாள். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இரவெல்லாம் புரண்டுவிட்டு, கன்னியம்மாவின் விலாசத்தை விசாரித்து வாங்கிக்கொண்டு, ஆர்.கே.பேட்டைக்குப் பஸ் ஏறினேன்.

தறிச் சத்தம் கேட்கிற ஒரு தெருவில், மகள் வீட்டு வாசலில் கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். படத்தை எடுத்து நீட்டினேன்; மாம்பூ என்று தெரிந்ததுமே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சர்க்கரைத் தண்ணீர், எறும்பு, நான்கு படம், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு என் கையைத் தடவிக்கொடுத்தாள்.

"உனுக்கு நல்ல மனசு பாப்பா. எம்மேல இருக்கிற பழிய எடுத்து உம்மேல போட்டுக்கினு பேசுற."

இல்லை, நடந்தது அதுதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆங், ஆங் என்று தலையாட்டினாளே தவிர ஒரு வார்த்தையும் நம்பவில்லை. வாசலில் முருங்கை பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. அவள் அதற்கு முதுகைக் காட்டியபடியே உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏன் இப்படி, மரத்தைப் பார்த்துத் திரும்பி உட்காரக் கூடாதா என்று கேட்டேன்.

"அது காய்க்கணும் இல்ல பாப்பா" என்றாள். "புள்ளைங்க துன்ற மரம்."