அமுதா அக்காவின் எலி

வியாழக்கிழமை காலை அப்பா சவரம் செய்துகொண்டிருந்தபோது, எதிர்வீட்டு மாமா வாசலில் நின்றபடியே சொன்னார். "சாங்வி மளிகைக் கடையில இருக்குமே அமுதா, அது போயிடுச்சாம் சார். காமாலை முத்திடுச்சாம்."

அப்பா பாதி நுரையோடு திரும்பினார். "சங்கத்துப் பொங்கலுக்கு வருஷா வருஷம் சாமான் பார்த்து வாங்கித் தருமே, அந்தப் பொண்ணா? முப்பத்தஞ்சு வயசுகூட இருக்காதேய்யா!"

நான் சமையலறையில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரே சப்பாத்தியைத் திரும்பத் திரும்பத் தேய்த்ததில் பலகை தெரியும் அளவுக்கு அது மெலிந்துவிட்டது. "என்னடி இது, அப்பளமா?" என்றாள் அம்மா. பிறகு என் முகத்தைப் பார்த்து, "உனக்கு அந்தப் பொண்ணைத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்கக் கூடத்தில் அக்காவுக்கு அஞ்சலிக் கூட்டம். பேசத் தயங்குகிறவர்கள் எழுதிக் கொடுத்தால் செயலாளர் மாமா வாசிப்பார் என்று பலகையில் எழுதியிருக்கிறது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, மராத்தி நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அப்பா இருமினால் பேனா நின்றுவிடுகிறது.

உங்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். முந்திரியை முகர்ந்து பார்த்துத் திருப்பி அனுப்புகிறவர். பொங்கல் பானைக்குப் பக்கத்தில் யாரையும் நெருங்க விடாதவர். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று உங்களில் சிலர் சொல்லியும் கேட்டிருக்கிறேன். அந்த நீளமான வாய்தான் என்னைக் காப்பாற்றியது.

சென்ற மே மாதம், பதினோராம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறை. எனக்குக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர ஆசை. "பன்னெண்டாவது முடி, பார்க்கலாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். சாங்வியில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்குப் பெண் தேவை என்று ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். ஃபீஸை நானே சேர்த்துவிடலாம் என்று தோன்றியது. அப்பாவிடம் கேட்க முடியாது. அவரோடு வேலை பார்ப்பவரின் மகள் துணிக்கடையில் சேர்ந்தபோது, "பெத்தவன் என்ன செத்தா போயிட்டான்?" என்று கேட்டவர் அவர். அதனால் மராத்தி ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அதுதான் நான் போன முதல் இன்டர்வியூ.

மதியம் இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கடைகள் எல்லாம் ஒன்றிலிருந்து நான்கு வரை மூடிக்கிடக்கும் நேரம். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். கடை முதலாளி சேட் கல்லாவில் இருந்தார். அமுதா அக்கா தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சங்கத்தில் தூரத்திலிருந்து பார்த்த முகம்தான். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

சேட் இந்தியில் கேட்டார். "துவரம்பருப்பு எது, கடலைப்பருப்பு எதுன்னு தெரியுமா?" தெரியும் என்றேன். "கஸ்டமர் சண்டைக்கு வந்தா என்ன பண்ணுவே?"

நான் வாயைத் திறப்பதற்குள் வெளியே ஒரு தமிழ்க் குரல். "அமுதா! மூடிட்டியா? ஒரு காபித்தூள் பாக்கெட் மட்டும் குடேன்டி!"

எங்கள் பக்கத்து வீட்டு அத்தை. சாங்வியில் இருக்கும் தங்கையைப் பார்க்க வந்திருக்க வேண்டும். ஷட்டருக்குக் கீழே பச்சைப் புடவைக் கரை தெரிந்தது. அத்தை குனிந்தால் நான் தொலைந்தேன். என்ன செய்கிறேன் என்று தெரியாமலே அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா நீட்டிய பாக்கெட்டோடு அத்தை போன பிறகு சேட் எட்டிப் பார்த்தார். "என்ன பொண்ணு இது? கஸ்டமர் வந்தா ஒளியுது!"

அமுதா அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். ஷட்டரை ஒருமுறை பார்த்தார். நிதானமாகக் கையைக் கழுவிக்கொண்டே, "ஒளியல சேட்ஜி, எலி ஓடுச்சு. பிடிக்கப் போனா" என்றார். "போன மாசம் வந்தவ எலியைப் பார்த்துட்டு உங்க நாற்காலி மேல ஏறி நின்னு தெருவையே கூட்டினா. இவ எலி பின்னாடியே போறா. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"பிடிச்சியா?" என்றார் சேட்.

"ஓடிடுச்சு" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குத் தெரியுமா என்று அடுத்து கேட்டபோது நான் தலையைக் குனிந்தேன். "நம்ம ஊர்ப் பொண்ணு சேட்ஜி. நான் பொறுப்பு" என்றார் அக்கா. வேலை கிடைத்துவிட்டது.

சேட் தூங்கப் போன பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார். "யாரு வீட்டுப் பொண்ணுடி நீ? சாப்பாட்டு நேரத்துல என்னைப் பொய் சொல்ல வச்சுட்டியே!" அப்பா பெயரைச் சொன்னேன். "அய்யய்யோ, சங்கக் கூட்டத்துக்கு நாற்காலி போடுற அண்ணன் பொண்ணா! நல்ல மனுஷன்டி, கோவம்தான் ஜாஸ்தி. நான் வந்து பேசறேன்."

"வேணாம்க்கா, ப்ளீஸ்."

"சரி. நீ சொல்லப்போற அன்னிக்குக் கூப்பிடு. பக்கத்துல நிக்கறேன்."

அன்றிலிருந்து கடையில் என் பெயர் எலி. தெரிந்த தமிழ்க் குரல் கேட்டால், "எலி, உள்ள போய் பருப்பைப் பாரு!" என்று கத்துவார். நான் பின்கட்டுக்கு ஓடுவேன். மற்ற நேரமெல்லாம் என்னை முன்னால் இழுத்து நிறுத்துவார். "கடையில நிக்கறவ முகத்தைக் காட்டணும்டி. இல்லன்னா சாமான் மேலதான் சந்தேகம் வரும்" என்பார்.

பள்ளி திறந்த பிறகும் அதே கிளாஸ் பெயரைச் சொல்லிச் சனிக்கிழமைகளில் போனேன். என் மராத்தி நன்றாகிவிட்டது. வருகிற பெண்களிடம் பேசிப் பேசி வந்தது. பேச்சில் நான் தடுமாறினால் அக்கா அங்கேயே திருத்துவார். அப்பா எல்லோரிடமும், "கிளாஸ் சேர்த்தேன், பாருங்க, என்ன மாதிரி பேசுறா" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். இதை அக்காவிடம் சொன்னபோது விக்கல் வரும்வரை சிரித்தார். "அப்போ பொங்கலுக்கு உங்கப்பா டீச்சருக்கு ஒரு வணக்கம் வைக்கணும், சொல்லிட்டேன்!"

மூன்று வாரத்துக்கு முன்பு அக்கா கண் மஞ்சளாக வந்தார். சேட் வீட்டுக்குப் போகச் சொன்னார். பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "தீபாவளிக்குள்ள வீட்ல சொல்லிடு எலி. கூப்பிடு, வர்றேன்" என்றார். பரீட்சை முடியட்டும் என்றேன். சில நாளில் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை. போனால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம்.

அத்தை, அந்தக் காபித்தூள் நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? மூட்டைக்குப் பின்னால் இருந்தது நான்தான்.

அப்பா, நீங்கள் முன்வரிசையில் இருப்பீர்கள். இந்தத் தமிழை எழுதக் கற்றுக் கொடுத்தது நீங்கள். மராத்தி கற்றுக் கொடுத்தது அமுதா அக்கா. அவரைத் தெரியாது என்று அம்மாவிடம் நான் சொன்னது பொய். அவர் எனக்காகச் சொன்ன பொய்க்கும் நான்தான் காரணம். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். அதற்கு முன்னால் அங்கே இருக்கும் அக்காவின் படத்துக்கு ஒரு வணக்கம் வையுங்கள்.

செயலாளர் மாமா, என் பெயரை விட்டுவிடாமல் வாசியுங்கள். வாசிக்கும்போது நான் பின்னால் சுவரோரமாக நின்றுகொண்டிருப்பேன். இந்த முறை ஓடமாட்டேன். பக்கத்தில் நிற்பதாகச் சொன்னவர் இல்லை. முகத்தைக் காட்டச் சொன்ன அவருடைய குரல் என்னிடம் இருக்கிறது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

மாலதி
(கடையில் எலி)