தொலைந்தது நானில்லை

அப்பா இறந்த பிறகு வந்த முதல் ஆடி அமாவாசைக்கு, அம்மாவும் அண்ணாவும் நானும் குருக்கள்மடத்திலிருந்து பஸ்ஸில் மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போனோம். அப்பாவுக்காக அண்ணா விரதமிருந்து தீர்த்தக்குளத்தில் முழுக வேண்டும். அண்ணாவுக்குப் பதினைந்து வயது, எனக்கு எட்டு. அவனைக் கூட்டிப் போவதா வேண்டாமா என்று அம்மா இரண்டு நாள் யோசித்தார். போகாவிட்டால் அப்பா பட்டினியாக நிற்பார் என்பதால்தான் துணிந்தார்.

அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பழக்கம் இருந்தது. வளர்ந்த பையன்களை யாரும் வேலியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எந்த வீட்டில் எந்த வயதுப் பையன் இருக்கிறான் என்பதை, இயக்கத்துக்குப் பிள்ளை பிடிக்க வருகிறவர்களுக்கும் சுற்றிவளைக்க வருகிற ஆமிக்காரருக்கும் நாமே சொல்லிக் கொடுக்கக் கூடாது. அண்ணா விளையாடப் போய் வரப் பிந்தினால் அம்மா என் பெயரைத்தான் உரத்துக் கூப்பிடுவார். நான் அவருக்குப் பின்னால் நின்று, "இஞ்சதானே நிக்கிறன்" என்பேன். தலையில் ஒரு குட்டு விழும். கொஞ்ச நேரத்தில் அண்ணா வந்து சேருவான். அம்மாவுக்கு மறதி என்று நினைத்துக்கொள்வேன்.

குளக்கரையில் கால் வைக்க இடமில்லை. அண்ணா சட்டையைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு இறங்கினான். முதல் முழுக்கில் அவனுடைய தலை தெரிந்தது. பிறகு சுற்றிலும் பல தலைகள் முழுகி எழும்பின. நனைந்த தலைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

"அண்ணா எங்க புள்ள?"

நான் ஒரு தலையைக் காட்டினேன். அது திரும்பியது. மீசை வைத்த வேறு யாரோ.

அம்மா சேலையோடு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். முழுகுகிறவர்களை விலக்கி விலக்கிப் பார்த்தார். கரையேறி, துவக்கோடு நின்றவர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். என் கையை அவர் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்துப் போயின. வாய் திறந்து ஒரு தரமும் அண்ணாவைக் கூப்பிடவில்லை.

கடைசியாக ஒலிபெருக்கிக் கொட்டிலுக்குப் போனோம். வாசலில் துவக்கோடு இரண்டு பேர் நின்றார்கள்.

"தங்கச்சி, ஆர் தொலைஞ்சது?" என்று ஒலிபெருக்கிக்காரர் கேட்டார்.

அம்மா வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு என் பெயரைச் சொன்னார்.

"எத்தின வயசு?"

"எட்டு."

"என்ன உடுப்பு?"

"மஞ்சள் சட்டை. சிவப்புப் பூப் போட்டது."

அவர் மேசைக்கு மேலால் எட்டி என்னைப் பார்த்தார். மஞ்சள் சட்டையில் சிவப்புப் பூ.

"அப்ப இது ஆரு?"

"இது மூத்தவ."

"ரெண்டு பேருக்கும் ஒரே துணியிலயோ தைச்ச?"

"ஓம் அண்ணே. ஒரே துணிதான்."

"அம்மா, நான்..." என்று தொடங்கினேன். அம்மாவின் நகம் என் தோளில் இறங்கியது. அந்த மனிதர் அம்மாவின் நனைந்த சேலையைப் பார்த்தார், வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் மைக்கைப் பிடித்தார்.

வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போது 'ஓம்' சொல்லவே கூச்சப்படுகிறவள் நான். என் பெயர் நான்கு குழாய்களிலிருந்தும் கோயில் வீதி முழுக்கக் கேட்டது. நாங்கள் கொட்டிலை விட்டுத் தள்ளி ஒரு மரத்தடியில் நின்றோம். கச்சான் கடலை விற்ற பெண் ஒருத்தி என் கையைப் பிடித்து, "இந்தா நிக்கிறாளே உங்கட புள்ள" என்றாள்.

"இது மற்றது" என்றார் அம்மா.

மூன்றாம் தரம் பெயரைக் கேட்டபோது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என்னைப் போலவே சட்டை போட்ட ஒருத்தி எங்கேயோ தனியே நின்று அழுகிறாள் என்று தோன்றியது. அவளுக்காக நானும் அழத் தொடங்கினேன். அம்மா என்னைத் தேற்றவில்லை. அவருடைய உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் அண்ணா சனத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தான். அம்மா எட்டி அவனை மரத்துக்குப் பின்னால் இழுத்தார்.

"எங்க மனே போன நீ?"

"அங்கால கரையிலதான் நிண்டன். என்னைத்தான் கூப்பிடுறீங்க எண்டு தெரியும். எண்டாலும் மெய்யாவே இவள் தொலைஞ்சிட்டாளோ எண்டு பயந்திட்டன்."

அவனுடைய நாக்கும் உதடும் சிவந்திருந்தன. விரதத்தை மறந்து ஐஸ்பழம் தின்றிருக்கிறான். அம்மா அதைக் கண்டார். நனைந்த முந்தானையால் அவன் வாயை அழுத்தித் துடைத்து, சட்டையை மாட்டிவிட்டு, "நட" என்றார்.

"நான் கிடைச்சிட்டன் எண்டு அவருக்குச் சொல்லாம போறமே" என்று நான் முரண்டு பிடித்தேன். அம்மா காதில் வாங்கவில்லை. பின் ஒழுங்கையால் பஸ்ஸுக்கு நடந்தபோதும் என்னைத் தேடுகிற குரல் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த கிழமை அம்மா அண்ணாவைக் கொழும்பில் தெரிந்த ஒருவரின் கடைக்கு அனுப்பினார். அங்கிருந்து அவன் வெளிநாட்டுக்குப் போய், நான் பிள்ளை பெற்ற பிறகுதான் திரும்பி வந்து முகம் காட்டினான். புறப்பட்ட அன்று காலை அம்மா அவனுடைய உடுப்புகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் பையைப் பிடித்து இழுத்தேன்.

"அண்ணாவ அனுப்பாதீங்கம்மா. இனி அவன் தொலையமாட்டான். நான் கையப் பிடிச்சிட்டே திரியிறன்."

அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பையிலிருந்து எடுத்துவிட்டு, மறுபடி மடிக்கத் தொடங்கினார்.

அன்று முழுவதும் நான் அவரோடு கதைக்கவில்லை. ஒரு ஐஸ்பழத்துக்காகப் பெற்ற பிள்ளையை அவ்வளவு தூரம் துரத்துகிற தாய் எங்கள் ஊரில் வேறு யாருமே இருக்க முடியாது என்று நினைத்தேன்.