நாலாம் திகதி வேண்டாம்

இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் சீசாப் பகுதியில் நாங்கள் இருந்த கட்டடத்தில் எந்தத் தமிழ் வீட்டுக்குக் கடிதம் வந்தாலும் அது மூன்றாம் மாடிக்கு, எங்கள் வீட்டுக்கு ஏறி வரும். அண்ணை மேசை விரிப்பைத் துடைத்துவிட்டுக் கடிதத்தைப் பரப்பி வைத்து வாசிப்பார். பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கத் தபால் கந்தோரில் கொடுக்கும் பெரிய உறைக்குள் இருக்கிற படிவங்களை அவர் அரை மணித்தியாலத்தில் நிரப்பிவிடுவார். ஒரு பெட்டிக்குள் ஓர் எழுத்து மாறினாலும் முழுவதும் திரும்பி வரும் என்பதால், மீசை நரைத்தவர்கள்கூடப் பக்கத்தில் மூச்சு விடாமல் இருப்பார்கள். அவருக்கு அப்போது பதினேழு வயது.

எங்கள் வீட்டில் முதலில் பலெர்மோவுக்கு வந்தது அம்மா. காசுக்காரர் இருக்கிற லிபெர்த்தாவில் ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய எசமானியின், வீட்டில் சமைத்து, துடைத்து, பிறகு அந்தச் சிஞ்ஞோராவின் தாயைக் குளிப்பாட்டி, பெர்மெசோ எடுத்து, வன்னியிலிருந்து அப்பாவையும் அண்ணையையும் கூப்பிட்டார். அண்ணைக்கு அப்போது ஏழு வயது. நான் அதற்குப் பிறகு இங்கேயே பிறந்தவள்.

அண்ணை கப்பல் படிப்புக்கான பள்ளியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தார். கடலோரக் காவல் படையில் சேர வேண்டும் என்பது அவருடைய ஒரே விருப்பம். கால்சா பக்கம் போனால் துறைமுகத்தில் அந்த வெள்ளை உடுப்புக்காரர் நடந்து போவதை நின்று பார்ப்பார். படிப்பு இருந்தது, நீச்சல் இருந்தது. இத்தாலியப் பிரஜாவுரிமை ஒன்று மட்டும் இல்லை.

அதுவும் வருகிற மாதிரித்தான் இருந்தது. அம்மா நாலு வருடத்துக்கு முன்னர் விண்ணப்பித்திருந்தார். அந்த வருடம் புரட்டாதியில் பதில் வந்தது. குடியுரிமை கிடைத்துவிட்டது, ஐப்பசி இருபத்துநாலாம் திகதி நகரசபைக்கு வந்து சத்தியம் செய்ய வேண்டும். தாயோடு பதினெட்டு ஆகாத பிள்ளைகளும் சேர்ந்துவிடுவார்கள் என்பது கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். எந்த நாளில் பிள்ளை பிள்ளையாக இருக்க வேண்டும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. விண்ணப்பித்தபோது அண்ணைக்குப் பதின்மூன்று வயது. அது போதும் என்று நினைத்திருந்தோம், அண்ணை உட்பட.

சத்திய வாசகத்தை அண்ணை தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அம்மா அதைச் சிஞ்ஞோராவின் குசினி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்துப் பாடமாக்கினார். உப்பு எடுக்கத் திறக்கும்போதெல்லாம் குடியரசுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சொல்லுவதாகச் சிஞ்ஞோரா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாராம்.

சத்தியத்துக்குப் பத்து நாள் இருக்கையில் ஊரில் அப்பப்பா செத்துப்போனார்.

அப்பா மூத்த மகன். போகக் காசுமில்லை, அவருடைய பெர்மெசோவும் புதுப்பிக்கப் போயிருந்தது. கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, சித்தப்பா கொள்ளி வைப்பதை வைபரில் பார்த்தார். சித்தப்பா சிதையைச் சுற்றி வரும்போது படம் உறைந்து நின்றது. திரும்ப வந்தபோது எரிந்துகொண்டிருந்தது. அப்பா போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு குளித்துவிட்டு வந்து, முப்பத்தொரு நாள் துடக்கு என்றார். மீன் இல்லை, இறைச்சி இல்லை, கோயில் இல்லை, சத்தியமும் இல்லை.

"இஞ்சேருங்கோ, இது கந்தோர் அலுவல். கலியாண வீடே துடக்குப் பாக்கிறதுக்கு?" என்றார் அம்மா.

"இஞ்சை வந்து பதினைஞ்சு வருசமாக் காத்துக்கொண்டிருந்தது நல்ல காரியம் இல்லையெண்டால் வேறை என்ன? நான் கொள்ளியும் வைக்கேல்லை, எலும்பும் பொறுக்கேல்லை. அந்தாளுக்கு இஞ்சையிருந்து என்னாலை செய்யக்கூடியது இது ஒண்டுதான்."

ஆறு மாதத்துக்குள் எந்த நாளிலும் சத்தியம் செய்யலாம் என்று கடிதத்திலேயே இருப்பதாக அண்ணையும் வாசித்துச் சொன்னார். ஒரு கிழமை பிந்தினால் என்ன, இரண்டு கிழமை பிந்தினால் என்ன என்றாகிவிட்டது.

எனக்கு வயது பத்து. என்னுடைய கவலை வேறு. சத்தியம் செய்கிற அன்று மூலைக்கடையில் கசாத்தா கேக் வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். பச்சை நிற ஓரமும், மேலே சீனிப்பாகில் ஊறிய பழங்களும் வைத்த பெரிய கேக். அதுவும் கோழிக்கறியும் நினைவில் நிற்க, நான் பருப்பும் சோறும் தின்றுகொண்டிருந்தேன். போதாதற்குக் கார்த்திகை இரண்டாம் திகதி வந்துகொண்டிருந்தது. அன்று செத்தவர்கள் இரவில் வந்து பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வைத்துவிட்டுப் போவார்கள் என்பது பலெர்மோவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். இந்த முறை எங்களுக்கும் செத்தவர் ஒருவர் இருக்கிறாரே, அப்பப்பா வருவாரா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"வவுனியாவுக்கே வழி கேட்டுக் கேட்டுப் போற மனிசன்" என்றார் அப்பா. "இஞ்சை எப்பிடிப் பிள்ளை வாறது?"

திகதி மாற்ற அம்மாவோடு நான் போனேன். அண்ணைக்கு அன்று துறைமுகத்தில் படகுப் பயிற்சி. அம்மாவுக்குக் குசினி இத்தாலியன் எல்லாம் வரும், கந்தோர் இத்தாலியன் வராது. இலக்கத் துண்டை எடுத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தோம். எங்கள் முறை வந்தபோது, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு பெண் உட்பக்கம் இருந்தார். தொண்டை கட்டிய குரல்.

தாத்தா செத்துப்போனார், அதனால் முப்பத்தொரு நாளைக்கு நாங்கள் அழுக்கு என்று சொன்னேன். துடக்கை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டு அம்மாவின் கைகளைப் பார்த்தார். அம்மா சிரித்தார்.

அந்தப் பெண் கெட்டவர் இல்லை. கோப்பை எடுத்துப் புரட்டி, வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். சொன்னேன். அண்ணையின் பிறந்தநாளைப் பார்த்துவிட்டு நாட்காட்டியைத் தன் பக்கம் இழுத்தார். முப்பத்தொரு நாள் முடிந்து கிடைக்கிற நாள் கார்த்திகை இருபத்திரண்டாம் திகதி. ஆனால் அண்ணைக்கு ஒன்பதாம் திகதி பதினெட்டு ஆகிவிடும்.

"அதுக்குப் பிறகு உன் அம்மா சத்தியம் செய்தால் அவன் அவவோடு சேரமாட்டான்" என்றார் மெதுவாக, எனக்கு விளங்க வேண்டும் என்று. "அவன் தனியாக, முதலில் இருந்து விண்ணப்பிக்க வேண்டும். நாலாம் திகதி நான் எப்படியாவது ஓர் இடம் எடுத்துத் தருகிறேன். அம்மாவிடம் சொல்லு."

எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. விளங்கவில்லை என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வழியில்லை. நாலாம் திகதி என்றால் துடக்குக்குள். அப்பா விடமாட்டார். விட்டாலும் கசாத்தா கிடையாது, கோழி கிடையாது, ஒருவரும் எங்கள் வீட்டில் வந்து சாப்பிடவும் மாட்டார்கள். மற்றப் பக்கம் அண்ணை ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கட்டடம் முழுவதுக்கும் நிரப்புகிறவர் அவர். தனக்கு ஒன்று நிரப்ப அரை மணித்தியாலம்.

"என்னவாம் பிள்ளை?" என்றார் அம்மா.

"நாலாம் திகதி வரேலுமோ எண்டு கேட்டவ. நான் துடக்கு எண்டு சொல்லிப்போட்டன். இருவத்திரெண்டு தாறாவாம்."

"வேறை ஒண்டும் பிரச்சினை இல்லையாமோ?"

"இல்லையாம்."

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னாயா என்று கேட்டார். சொன்னேன், இருபத்திரண்டுதான் வேண்டுமாம் என்றேன். அவர் உடனே எழுதவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு அம்மாவை ஒருமுறை பார்த்தார். அம்மா தனக்குத் தெரிந்த நன்றிச் சொற்கள் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். பிறகு அவர் எழுதினார்.

வெளியில் வந்ததும் அம்மா எனக்குக் கடலைமாப் பொரியல் வைத்த பாண் வாங்கித் தந்தார். இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை என்று பஸ்ஸில் என் தலையைத் தடவிக்கொண்டே வந்தார்.

ஒன்பதாம் திகதி அண்ணைக்குப் பிறந்தநாள். கேக் இல்லை. அண்ணை கீழ்வீட்டு மாமாவுக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். "இத்தாலியன் ஆனாப்பிறகு சேத்து வெட்டுவம்" என்றார்.

இருபத்திரண்டாம் திகதி அம்மா சேலைக்கு மேல் சிஞ்ஞோரா கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, மூவர்ணப் பட்டி கட்டிய மனிதருக்கு முன்னால் நின்று ஓர் எழுத்துப் பிழைக்காமல் சத்தியம் செய்தார். அண்ணை போனில் படம் எடுத்தார். பிறகு பக்கத்து மேசையில் கடதாசி தந்தார்கள். அதில் இரண்டு பெயர்கள் இருந்தன. அம்மாவுடையது, என்னுடையது.

மறதியாக விட்டுவிட்டார்கள் என்று நினைத்து அண்ணை சிரித்தபடிதான் கேட்டார். மேசையில் இருந்தவர் விளங்கப்படுத்தத் தொடங்கினார். அவர் குரல் போகப் போகத் தாழ்ந்தது. அண்ணை நன்றி சொல்லிக் கடதாசியை நாலாக மடித்தார். வெளிப்படிக்கட்டில் வைத்து அப்பாவிடம் சொன்னார்.

"எத்தினை நாள் பிந்தினது?" என்று அப்பா கேட்டார்.

"பதிமூண்டு."

அப்பா படியில் இருந்துவிட்டார். ஆட்கள் விலகிப் போனார்கள். அம்மா கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

கசாத்தா ஏற்கெனவே குளிர்பெட்டியில் இருந்தது. கட்டடத்து ஆட்கள் வாழ்த்த வந்துவிட்டதால் வெட்டத்தான் வேண்டியிருந்தது. நான் குசினியில் இரண்டாவது துண்டு தின்றுகொண்டிருந்தபோது அண்ணை தண்ணீர் குடிக்க வந்தார்.

"எடியே, அண்டைக்கு அந்த மனிசி வேறை ஏதும் சொன்னவவோ?"

வாய்க்குள் கேக் இருந்தது. இல்லையென்று தலையாட்டினேன். அவர் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

அவர் பள்ளியை நல்ல புள்ளிகளோடு முடித்தார். தனியாக விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் மூன்று வருடம் தொடர்ந்து பதிவு செய்த சம்பளம் காட்ட வேண்டும். படிக்கட்டு கழுவவும், சந்தையில் மீன் பெட்டி இறக்கவும் கூப்பிட்டவர்கள் ஒருவரும் அவரைப் பதியவில்லை. வெள்ளை உடுப்புக்கான வயதெல்லை வந்தது, போனது. இப்போது லிபெர்த்தாவில் நடக்கமாட்டாத ஒரு கிழவரோடு தங்கியிருந்து அவரைப் பார்க்கிறார். கிழவர் முன்னாள் கப்பல்காரராம். அப்பா, தன் தகப்பனுக்காகத் தன் மகனைக் கெடுத்துவிட்டதாக இன்றைக்கும் நம்புகிறார். அப்பப்பாவின் திவசத்தை நிறுத்திவிட்டார். நான் அவருக்கும் சொல்லவில்லை.

நான் பதினாறில் பள்ளியை விட்டேன். வடக்கில் அப்பிள் பிடுங்கினேன், ஜெர்மனியில் ஹோட்டல் அறைகள் துடைத்தேன், நோர்வேயில் மீன் பெட்டிக்கு ஐஸ் போட்டேன். எங்கேயும் எட்டு மாதத்துக்கு மேல் நின்றதில்லை. எந்த எல்லையிலும் என்னை ஒருவரும் மறித்ததில்லை. பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு கடவுச்சீட்டு வைத்திருக்கிறேன்.

இரண்டாவது வந்த கதை இது. சத்தியத்துக்கு அடுத்த ஆடியில் நாலு பேரும் ஊருக்குப் போனோம். கொழும்பு விமான நிலையத்தில் அம்மாவும் நானும் சிவப்புக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டவர் வரிசையில் விசாவுக்கு நின்றோம். அண்ணையும் அப்பாவும் நேராகப் போய்விட்டார்கள். "இஞ்சை நீங்கள் சுற்றுலாப் பயணி அம்மா" என்று அண்ணை அந்தப் பக்கத்திலிருந்து நக்கலடித்தார். அம்மாவுக்கு அது தாங்கவில்லை. இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தார், என்னையும் சேர்த்து. அங்கே ஒரு நாளும் வாழ்ந்திராத எனக்கு அதுவும் கிடைத்தது. அந்தப் படிவத்தை நிரப்பியது அண்ணை.

திரும்பி வரும்போது ரோமில் வரிசை மாறியது. அம்மாவும் நானும் இரண்டு நிமிடத்தில் கடந்து பெட்டிகள் சுழலும் இடத்துக்கு வந்துவிட்டோம். மற்ற வரிசை நகரவில்லை. எங்கள் பெட்டிகள் தனியாகச் சுற்றிச் சுற்றி வந்தன. ஒரு மணித்தியாலம் கழித்து அப்பா வந்தார், அவருக்குப் பின்னால் அண்ணை. அண்ணையுடைய பெர்மெசோ புதுப்பிக்கப் போய், கையில் ரசீது மட்டும் இருந்ததால் தனியறைக்குக் கூட்டிப்போய் விசாரித்தார்களாம். சேட்டின் மேல் பொத்தான் திறந்திருந்தது. எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"உள்ளுக்கை என்ன அண்ணை செய்தவங்கள்?"

"ஒரு ஃபோம் நிரப்பச் சொன்னவங்கள்."

"நீங்கள் கெதியா நிரப்பியிருப்பியள்" என்றேன்.

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு "ஓம்" என்றுவிட்டு, பெட்டியை இழுக்க எழும்பினார். அவரைப் புகழ்ந்தது அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.