அண்ணை குசினியில் வைத்த கூட்டங்கள்

ஆசையண்ணை, உங்கள் சைக்கிளை வேறொருவர் உருட்டிக்கொண்டு வந்தார். பின்நேரம் நாலு மணியிருக்கும். சங்கத்துச் செயலாளர் ஒரு கையில் தன் சைக்கிளையும் மற்றக் கையில் உங்கள் சைக்கிளையும் பிடித்தபடி படலையடியில் நின்றார். "அக்கா, முதல்லை இருங்கோ" என்றார். நான் இருக்கவில்லை. நின்றபடியே உங்கள் சைக்கிளை வாங்கிச் சுவரோடு சாத்தினேன். மானிப்பாய்க் கூட்டத்தில் பேசத் தொடங்குமுன்னரே நெஞ்சு நோகிறது என்று கதிரையில் சாய்ந்தீர்களாம். ஆசுபத்திரி வாசலுக்குப் போகுமுன் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடிக்கிற நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி எங்கள் ஊர்ப் பொறியியற் சங்கத்தார் கேட்டார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு வரிக்குள் அடங்காத ஒன்றும் இருக்கிறது, அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணை தொழிற்சாலையில் இயந்திரப் பகுதி மேற்பார்வையாளராக இருந்தவர். அண்ணி கண்மூடிய பிறகு கொக்குவில் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சங்கம் மாதம் ஒரு தரம் மண்டபத்தில் பேச்சு வைக்கும். வெறும் பேச்சு மட்டுமில்லை, சாமானைக் கொண்டுவந்து கழற்றிப் பூட்டியும் காட்டுவார்கள். கரண்ட் இருந்த காலத்தில் அண்ணை முதன்முதலில் பேசியது வீட்டு வயரிங் பற்றி. பாதிச் சனம் நித்திரையாம். "உம்மடை பேச்சிலை 'ஆனால்' எண்ட சொல்லு மட்டும்தான் தமிழ்" என்று கூட்டாளி ஒருவர் பகிடி பண்ணியிருக்கிறார்.

அடுத்த பேச்சுக்கு முந்தின நாள் நான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். அண்ணை கதிரையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தார். தான் பேசப்போவதை எனக்குச் சொல்லிப் பார்க்க வேண்டுமாம். படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க என்னிடம் ஏன் சொல்லுகிறீர்கள் என்று கேட்டேன்.

"அங்கை வாறவை விளங்காட்டிலும் தலையாட்டுவினம். நீ ஆட்டமாட்டாய் பிள்ளை" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாப் பேச்சும் முதலில் குசினியில்தான் நடந்தது. விளங்காத இடத்தில் நான் மறிப்பேன், அவர் திருப்பிச் சொல்லுவார். சில நாள் எனக்குப் பெருமையும் புழுகமுமாக இருக்கும், சில நாள் கறி அடிப்பிடிக்கும். சண்டையால் கரண்ட் நின்று, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு வந்தபோது, ஜாம் போத்தலுக்குள் துளி எண்ணெய் விட்டு எரிக்கிற விளக்கைக் காட்டப்போனார். திரியின் கனம், காற்றுப் போகிற வழி என்று நீட்டிக்கொண்டே போனார். "அண்ணை, ஒருக்கா விட்ட எண்ணெய் எவ்வளவு நேரத்துக்குக் காணும் எண்டுதான் சனம் கேட்கும்" என்றேன். மண்டபத்தில் அதைத்தான் முதலில் சொன்னாராம். வந்து சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இனித்தான் நான் எழுத வந்தது.

தோட்டக்காரர்களுக்குப் பெற்றோல் கிடைக்காமல் போனது. தண்ணீர் இறைக்கிற இயந்திரத்தைக் கொஞ்சம் பெற்றோலில் தொடங்கி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவது எப்படி என்று அண்ணை காட்டப்போனார். அன்று நான் விடியத் தொடக்கம் கூப்பன் சாமானுக்குச் சங்கக்கடை வரிசையில் நின்றுவிட்டு வந்திருந்தேன். விறகு ஈரம், கண் எரிந்தது. அண்ணை மூன்று தரம் சொன்னார். இயந்திரம் சூடாகிவிட்டது என்று எப்படித் தெரியும் என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்டால் நாலாம் தரமும் சொல்லுவார். "ஓம் அண்ணை, விளங்குது" என்றேன்.

"அப்ப ஊருக்கே விளங்கும்" என்று எழும்பிப் போனார்.

கூட்டம் நல்லாக நடந்ததாம், ஒருவரும் கேள்வி கேட்கவில்லையாம். இரண்டு கிழமைக்குப் பிறகு சண்டிலிப்பாயிலிருந்து ஒரு தோட்டக்காரர் இறைப்பு இயந்திரத்தைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். சூடாகுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றியிருக்கிறார். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலோடு கலந்து உள்ளே எல்லாம் இறுகிப்போய்விட்டது. வெங்காயம் வாடிக்கொண்டிருந்தது. மனுசன் கோபப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சூடாகினது எண்டு எங்களுக்கு எப்பிடி ஐயா தெரியும்?" என்றார்.

என் வாயில் வந்த அதே கேள்வி. நான் தேத்தண்ணீர்ப் பேணியைப் பிடித்துக்கொண்டு கதவு நிலைக்குப் பக்கத்தில் நின்றேன்.

அண்ணை சொன்னார்: "பிழை உங்களிலை இல்லை. நான் சொன்ன விதத்திலைதான்."

மூன்று நாள் மாமரத்தடியில் இருந்து அதைக் கழற்றித் திருத்திக் கொடுத்தார். அதற்குள் வெங்காயத்தில் பாதி போய்விட்டது. அந்த மூன்று நாளும் நான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன், வாய் திறக்கவில்லை. பிறகு பல மாதம் அண்ணை மேடையேறவில்லை. கூப்பிட்டவர்களிடம், தனக்குச் சொல்லத் தெரியாது என்றார்.

செயலாளர் விடாமல் வந்து கேட்டதால்தான் மானிப்பாய்க்கு ஒத்துக்கொண்டார். அதே இயந்திரப் பேச்சு. திரும்பவும் கதிரையோடு குசினிக்கு வந்தார். ஆனால் இந்த முறை, "நீ ஓம் சொல்ல வேண்டாம் பிள்ளை. நான் சொன்னதை எனக்குத் திருப்பிச் சொல்லு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சூடாகினதை எப்படி அறிகிறது என்று அன்றுதான் கேட்டேன். அவர் யோசித்தார். நானே சொன்னேன், தோசைக்கல்லுக்குத் தெளிக்கிறமாதிரி இயந்திரத்தின்மேல் ஒரு துளி தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம், சீறினால் சூடு காணும் என்று. அண்ணை சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தார். மானிப்பாயில் அதைத்தான் சொல்லப்போகிறேன் என்றார். அவர் திரும்பி வந்ததும், விளங்காமல் ஓம் சொன்ன அந்தப் பழைய கதையைச் சொல்லிவிடுவது என்று நான் நினைத்திருந்தேன்.

செத்தவீட்டில் ஒருவர், ஐயாவின் பேச்சுகளில் அந்த இயந்திரப் பேச்சு ஒன்றுதான் சறுக்கியது என்று கதைத்துக்கொண்டிருந்தார். கெட்ட மனதோடு சொல்லவில்லை. அவருக்கும், சண்டிலிப்பாய்த் தோட்டக்கார ஐயாவுக்கும், இதை வாசிக்கிற எல்லாருக்கும் சொல்கிறேன். அது சறுக்கியது குசினியில். விளங்காமல் விளங்குது என்று சொன்னவள் நான். மண்ணெண்ணெய்க்கு மாற்றுமுன் ஒரு துளி தண்ணீர் தெளித்துப் பாருங்கள். அண்ணை சொல்லாமல் போனது அவ்வளவுதான்.

இப்போது ஒரு சுண்டு அரிசியில் பாதிதான் போடுகிறேன். அதுவும் மிஞ்சுகிறது. கதிரை குசினியில்தான் கிடக்கிறது. அதைச் சுற்றி நடந்து சமைக்கிறேன், திருப்பிக் கொண்டுபோய் வைக்க மனம் வரவில்லை. பகல் முழுக்க என் குரலை நானே கேட்பதில்லை.

போய் வாருங்கள், ஆசையண்ணை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். திருப்பிச் சொல்லு என்று அன்றைக்குச் சொன்னீர்களே, என் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் சொன்னீர்களா, இல்லை, பிழை உங்களில்தான் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டீர்களா?