வெயிலில் சும்மா கிடந்த பெனல்

சோலார் பெனல் பூட்டுகிற தொழிலில் வெயிலைவிட அதிகமாகச் சுடுவது ஒரே ஒரு கேள்விதான். "வயரைக் கழட்டிப்போட்டு வெயில்ல சும்மா வெச்சா பெனல் பழுதாகுமா?"

ஆகாது. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வயதாகிவிட்டது. நான் கல்முனையில் ரேடியோவும் பெட்டரியும் திருத்திக்கொண்டிருந்தவன். சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர் பெனல்களை லொறியில் கொண்டுவந்து இறக்க, அதையும் பூட்டப் பழகினேன். அன்று பிடித்த கேள்வி இன்னும் விடவில்லை. எந்தத் தொழிலாக இருந்தாலும் சரி, ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் உளைந்தவர்கள் இதை வாசியுங்கள். மற்றவர்கள் உங்கள் வேலையைப் பாருங்கள்.

ஈரச் சாக்கு

கடற்கரையோரம் தகரக் கொட்டில்களில் சனம் இருந்த காலம். கொட்டிலுக்கு ஒரு பெனல், ஒரு பல்ப் என்று ஒரு நிறுவனம் கொடுத்தது. பெட்டரி பின்னால் வரும் என்றார்கள். பெனல் வந்த லொறியோடு படம் பிடிக்கிறவர்கள் வந்தார்கள், சிரிக்கச் சொன்னார்கள், போனார்கள். பெட்டரி லொறி வரவேயில்லை. ஆகவே முகாம் முழுக்கப் பெனல்கள் எதிலும் பூட்டாமல் கூரையில் கிடந்து காய்ந்தன.

றஹ்மத் ராத்தா என்று ஒருவர். தன்னுடைய பெனலுக்கு மேலே ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு, காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். குடிக்கிற தண்ணீருக்கே சனம் பவுசர் லொறியின் பின்னால் ஓடிய நாட்கள் அவை. ஏன் என்று கேட்டேன். கரண்ட் வெளியே போக வழியில்லாமல் உள்ளுக்குள்ளே தேங்கி, ஒரு நாளைக்கு வெடித்துவிடுமாம். ஒன்றும் தேங்காது, பூட்டாவிட்டால் கரண்ட் ஓடாது, கண்ணாடி கொஞ்சம் சுடும், அவ்வளவுதான், சாக்கை எடுங்கள் என்றேன். எடுக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சும்மா வெயில்ல கிடந்தா மனிசனுக்கே தல சுத்துது, இதுக்குச் சுத்தாதா தம்பி?"

மோதினாரின் மூலை

அந்த முகாமில் பெட்டரியோடு வேலை செய்தது ஒரேயொரு பெனல். முகாம் பள்ளிவாசலின் பெனல். பள்ளியும் தகரம்தான். என் கடையில் மேல்தட்டில் இருந்ததால் கடலுக்குத் தப்பிய பெட்டரி ஒன்றை நானே கொண்டுபோய்ப் பூட்டினேன். பெனல், பெட்டரி, மைக். தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்ல அது போதும். மைக் இல்லாவிட்டால் கடல் இரைச்சலில் பக்கத்துக் கொட்டிலுக்குக்கூடக் கேட்காது.

பாங்கு சொன்னவர் ஆதம்பாவா மோதினார். பெண்சாதி, வீடு இரண்டையும் கடல் கொண்டுபோய்விட்டது. பள்ளியின் பின்மூலையில் ஒரு பாய், ஒரு தகரப்பெட்டி. மோதினார் வேலை இருக்கும்வரை அந்த மூலை இருக்கும். வேலை போனால் மூலையும் போகும்.

பள்ளித் தலைவர் ஒரு ஹாஜியார். பெயரை நான் எழுதமாட்டேன். அவரே வேண்டிய அளவு எழுதியிருக்கிறார். பெனலைக் கூரையில் இறுக்கிய நாலு ஆணி அவர் வீட்டிலிருந்து வந்தது. அவருடைய மச்சினன் கட்டாரிலிருந்து வேலையில்லாமல் திரும்பியிருந்தார். மச்சினனுக்கு என்ன குரல் தெரியுமா என்று தலைவர் கண்ட இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பயமாக இல்லையா என்று மோதினாரிடம் கேட்டேன். அவர் மைக்கின் தூசியைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"குரல் நல்லம்தான் காக்கா, ஆனா ஆள் விடியச் சுபஹுக்கு எழும்புவாரா எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்க."

வயர்

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் இராணுவம் வந்து முகாமைச் சுற்றிவளைத்துச் சோதித்தது. பள்ளிக் கூரையிலிருந்து வயர் ஒன்று இறங்கி ஒரு பெட்டிக்குள் போகிறது. அதைக் கண்ட ஆமிக்காரர் என்ன நினைப்பார்? நினைத்தார். எல்லாரையும் தூரத்தில் கொண்டுபோய் இருத்தினார்கள். பூட்டியவன் நான் என்று யாரோ சொல்ல, கடையிலிருந்து என்னையும் கூட்டிப்போனார்கள். இது வெளிச்சத்தைக் கரண்டாக்குகிற சாமான், வெடிக்காது என்று விளக்கினேன். எனக்குச் சிங்களம் அரைகுறை, அவருக்குத் தமிழ் அரைகுறை. இரண்டு அரையும் சேர்ந்து ஒன்றாகவில்லை. வயரை அறுத்தார்கள். பெட்டரியைப் பரிசோதிக்க வேண்டும் என்று ட்ரக்கில் ஏற்றினார்கள். பெனலை விட்டுவிட்டார்கள்.

அவர்கள் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மோதினார் என் காதுக்குள் கேட்டார், இனிப் பெனலைக் கழற்றி உள்ளே வைக்கவா என்று. அதே கேள்வி. கிடக்கட்டும், ஒன்றும் ஆகாது என்றேன். என் பதிலை அப்படியே நம்பிய முதல் ஆள் அவர். அதுவே அவருக்கு வினையானது. ட்ரக் புறப்படும்போது அந்த ஆமிக்காரர் கூரையை இன்னொரு முறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வெடிக்காத சாமானுக்கு எதுக்கு ஐயா வயர்?"

குடித்த வெயில்

அதற்குப் பிறகு நான் இறக்காமம் பக்கம் போய்விட்டேன். வயலில் யானைக் காவல் குடிசைகளுக்கு லைட் பூட்டுகிற வேலை. விளைந்த வயலில் யானை இறங்கினால் அந்தப் போகம் முடிந்தது. அதனால் சொன்னதைக் கவனமாகக் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

ஒரு விவசாயி பெனலைக் காலையில் வரம்பில் சாய்த்து வைப்பார். வயர் எதிலும் பூட்டியிருக்காது. மாலையானதும் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு குடிசைக்கு வந்து பல்ப்பைக் கொளுவுவார். பல்ப் எரியாது. என்னைக் கூப்பிட்டுக் கோபித்தார். பெனல் ஒன்றையும் சேர்த்து வைக்காது, வெயில் இருக்கும்போதே பெட்டரியில் பூட்டினால்தான் கரண்ட் போய்ச் சேரும் என்று ஒரு மணித்தியாலம் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். முடிவில் பெனலை மடியில் வைத்துத் தட்டிப் பார்த்தார்.

"நாள் முழுக்க வெயில் குடிச்சதுதானே, அப்ப குடிச்சது எங்க போச்சு?"

ஜும்ஆவுக்குப் பிறகு

நான் திரும்பி வந்தபோது பள்ளிப் பெட்டரியை ஆமி கொடுத்துவிட்டிருந்தது. யாரோ வயரையும் முறுக்கிப் பூட்டியிருந்தார்கள். ஆனால் பாதிப் பாங்கில் மைக் செத்துப்போகிறது. பெட்டரியில் சார்ஜ் ஏறவில்லை. நான் வந்த அன்றே, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் சபை கூடியது. தலைவர் தீர்ப்பை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்தவர்போல ஆரம்பித்தார். மோதினார் பெனலைக் கழற்றி உள்ளே வைக்காமல் வெயிலில் காயவிட்டார். பெனல் பழுதாகிவிட்டது. பள்ளிச் சொத்தை வீணாக்கியவர் பள்ளியில் இருக்க ஏலாது. மூலையைக் காலி செய்ய வேண்டும். மச்சினன் புதுத்தொப்பியோடு முன்வரிசையில் இருந்து தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பாயின் கோரையை எண்ணிக்கொண்டிருந்தார்கள். மோதினார் எழும்பி நின்றார். அவருடைய தகரப்பெட்டி ஏற்கெனவே கட்டிவைத்திருந்தது.

நான் எழும்பினேன். கிடக்கட்டும் என்று சொன்னது நான். என் கடைக் கூரையில் இதே மாதிரிப் பெனல் ஒன்று எவ்வளவோ காலமாகப் பூட்டாமல் கிடக்கிறது, நல்லாகத்தான் இருக்கிறது, கொண்டுவந்து காட்டவா என்றேன். தலைவர் கையை உயர்த்தி என்னை இருக்கச் சொன்னார்.

"நீங்க திருத்துற ஆள், சாமான் பழுதானாத்தான் உங்களுக்குச் சோறு, உங்கட கதைய நாங்க எப்பிடி நம்புற?"

ஏணி

வெளியே வந்து ஏணியைத் தேடினேன். ஏறவே தேவையிருக்கவில்லை. றோட்டில் நின்றே வாசிக்கலாம். பெனலின் கண்ணாடி முழுக்க வெள்ளை எனாமல் பெயின்ட்டில் மொத்த மொத்த எழுத்து. 'அன்பளிப்பு, அல்ஹாஜ்.' அதற்குக் கீழே தலைவரின் முழுப்பெயர். அதற்கும் கீழே அவருடைய வாப்பாவின் பெயர். கடைசியில் ஊர். பெட்டரி இல்லாத நாட்களில் பெனல் சும்மாதானே கிடக்கிறது என்று பெயின்டரைக் கூப்பிட்டிருக்கிறார். நாலு ஆணிக்கு இவ்வளவு எழுத்து.

எங்கள் பள்ளிகளில் பெயர் எழுதாத சாமான் கிடையாது. மணிக்கூட்டில் இருக்கும், ஃபேன் இறக்கையில் இருக்கும், தண்ணீர்த் தாங்கியில் இருக்கும், இறந்தவரின் மையித்தைத் தூக்கிப்போகிற சந்தூக்குப் பெட்டியில்கூடக் கொடுத்தவர் பெயர் இருக்கும். அதனால் முகாமே அந்தப் பெனலைத் தினமும் வாசித்தது. வெயில் உள்ளே போக வேண்டிய கண்ணாடியாயிற்றே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெனல் வயரில் மீற்றரைப் பூட்டி, சபையில் மூத்தவரான மரைக்காரின் கையில் கொடுத்தேன். சவரப் பிளேட்டை எடுத்துக்கொண்டு ஏறினேன். முதலில் ஊரைச் சுரண்டினேன். முள் ஏறுது என்றார் மரைக்கார். வாப்பாவைச் சுரண்டினேன். இன்னும் ஏறியது. தலைவரின் பெயரைச் சுரண்டும்போது மரைக்கார் மீற்றரை எல்லாருக்கும் காட்டினார். யாரோ சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினார்கள். தலைவர் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"மத்ததெல்லாம் போகட்டும், அந்த அல்ஹாஜ மட்டும் விடுங்க காக்கா, அது நான் மக்காவுக்குப் போய் எடுத்தது."

கதவு

மக்காவில் எடுத்தது பிளேட்டுக்குப் போகாது என்று சொல்லிவிட்டு அதையும் சுரண்டினேன். மரைக்கார் அந்த இடத்திலேயே முடிவு சொன்னார், அஸருக்கு ஆதம்பாவாவே பாங்கு சொல்லட்டும் என்று. சொன்னார். கடைசி வரி வரைக்கும் மைக் சாகவில்லை. தகரப்பெட்டி மூலைக்குத் திரும்பியது. மச்சினனுக்குச் சோலார் பொறுப்பாளர் என்று ஒரு பதவியை உண்டாக்கினார்கள். பெனலைத் துடைக்க வேண்டும். சுபஹுக்கு எழும்பத் தேவையில்லை. அவருக்கும் திருப்தி.

யுத்தம் முடிந்தது. கொட்டில்கள் போய்க் கல்வீடுகள் வந்தன. பள்ளியும் கல்லால் எழும்பி, லைன் கரண்ட் வந்தது. பள்ளியோடு சேர்த்து மோதினாருக்கு ஓர் அறையும் கட்டிக்கொடுத்தார்கள். மூலை இல்லை, நாலு சுவரும் ஒரு ஜன்னலும் உள்ள அறை. பல்ப் பூட்டப் போனேன். கதவில் பெயின்ட் இன்னும் காயவில்லை. அன்பளிப்பு, அல்ஹாஜ், முழுப்பெயர், வாப்பா, ஊர், எல்லாம் இருந்தது. தலைவர் கொடுத்தது கதவா என்று கேட்டேன். கதவின் கொண்டி மட்டும் என்றார் மோதினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தலைவரைத் தேடிப்போகத் திரும்பினேன். அவர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, தன்னுடைய கட்டிலில் இருத்தினார்.

"கதவில எழுதினா வெளிச்சம் கொறையாது காக்கா, எழுதிற்றுப் போகட்டும்."

வெயிலில் சும்மா கிடந்து கெட்டுப்போன பெனல் ஒன்றையும் நான் இதுவரை கண்டதில்லை. அது சும்மா கிடப்பதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாத தலைவர்மாரைத்தான் கண்டுகொண்டிருக்கிறேன்.